ஆடிப்போன படமும் கோர்ட்டுக்குப் போன படமும்! டோக்கியோ ராத்திரியைச் சுட்ட 2 காமிராக்காரர்கள் கதை

டோக்கியோ நகரில் ராத்திரி நேரத்தில் காமிராவும் கையுமாகச் சுற்றிய 2 நண்பர்கள், வேண்டும் என்றே ஆடிப்போன படங்களை எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். முகம் தெரியவில்லை. கடை போர்டில் எழுத்து தெரியவில்லை. சில படத்தில் தரை எது, சுவர் எது என்பதே தெரியவில்லை.

நம் ஊர் ஸ்டூடியோக்காரராக இருந்தால், "படம் ஷேக் ஆயிடுச்சு சார், இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்று சொல்லி அந்த பிலிமைக் குப்பையில் போட்டிருப்பார்.

ஆனால் அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. அதைவிட ஆச்சரியம், புகழ் வந்த பிறகு அந்த இருவரில் ஒருவர் தன் படங்களையும் பிலிம்களையும் தானே தீ வைத்துக் கொளுத்திவிட்டார்!

ஏன் கொளுத்தினார்? அந்தக் கதையில் கலவரம் உண்டு, போலீஸ் உண்டு, கொலை வழக்கும் உண்டு.

ஷிஞ்சுகு கலவரம்

டோக்கியோவில் ஷிஞ்சுகு என்று ஒரு வட்டாரம். பெரிய ரயில் நிலையம், மதுக்கடைகள், சினிமா தியேட்டர்கள், குறுக்குச் சந்துகள் என்று ராத்திரி முழுதும் தூங்காத இடம்.

1968-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி ராத்திரி, அந்த ரயில் நிலையத்துக்குள் மாணவர்கள் புகுந்தார்கள். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அமெரிக்க ராணுவ விமானங்களுக்கான எரிபொருள் இந்த வழியாக ரயிலில் போகக்கூடாது என்பது அவர்கள் கோஷம். கல்வீச்சு, தீவைப்பு, தடியடி எல்லாம் நடந்தது. போலீசார் கலவரச் சட்டத்தைப் பிரயோகித்தார்கள். கைதானவர்கள் 700 பேருக்கு மேல்.

அடுத்த மாதமே "புரவோக்" என்ற சின்னப் பத்திரிகை வெளிவந்தது. "சீண்டு" என்று அர்த்தம். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் தகுமா நாகஹிரா. இடதுசாரிப் பத்திரிகை ஒன்றில் ஆசிரியர் வேலை பார்த்தவர். 2-வது இதழில் அவருடைய நண்பர் டைடோ மோரியாமா வந்து சேர்ந்தார். ஒசாகா பக்கத்துக்காரர். 2 பேரும் 1938-ல் பிறந்தவர்கள், ஒரே வயது.

வெளிவந்தது 3 இதழ்கள்தான். 1969 ஆகஸ்டோடு பத்திரிகை நின்றது. ஆனால் அந்த 3 இதழும் ஜப்பானிய போட்டோ உலகத்தையே புரட்டிப் போட்டுவிட்டன.

மூணே வார்த்தை

அவர்கள் பாணிக்கு ஜனங்கள் வைத்த பெயர்: "அரெ, புரெ, போகெ".

அரெ என்றால் சொரசொரப்பு. புரெ என்றால் ஆட்டம். போகெ என்றால் கலங்கல். இந்தக் கடைசி வார்த்தைதான் இன்றைக்கு செல்போன் விளம்பரத்தில் எல்லாம் அடிபடுகிற "பொக்கே". பூக்கடை பொக்கே அல்ல, ஜப்பான் சரக்கு!

எடுத்தது எப்படி?

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கணக்குதான்.

சாதாரணமாக நடக்கிற ஆள் ஒரு நொடியில் சுமார் 1.4 மீட்டர் தூரம் போவார். காமிரா ஷட்டர் 1/500 நொடி திறந்தால், அதற்குள் அவர் 3 மில்லிமீட்டர்கூட நகர மாட்டார். படம் பளிச்சென்று வரும். ஷட்டரை 1/15 நொடி திறந்தால் 9 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மூக்கும் காதும் ஒன்றோடு ஒன்று கலந்துபோகும். 1/4 நொடி திறந்தால் 35 சென்டிமீட்டர். அப்புறம் ஆளே புகை மாதிரி ஆகிவிடுவார்.

காமிராவைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் கடை, கம்பம், போர்டு எல்லாம் தெளிவாக நிற்கும். நடக்கிறவர்கள் மட்டும் ஓடிப்போவார்கள். காமிராவையும் சேர்த்து ஆட்டினால் தெருவிளக்கு எல்லாம் கோடு கோடாக இழுக்கும். ஓடுகிற டாக்சியோடு சேர்த்துக் காமிராவைத் திருப்பினால் டாக்சி தெளிவாக இருக்கும். பின்னால் உள்ள தெரு முழுவதும் கரைந்துவிடும்.

இன்னொரு வழி, ஒரு பொருளை மட்டும் தெளிவாக வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது. 50 மில்லிமீட்டர் லென்சின் துவாரத்தை எப் 2 அளவுக்கு அகலமாகத் திறந்து, ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற ஆளைக் குறி வைத்தால், தெளிவாக வருகிற ஆழம் மொத்தமே 5 சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் காது கலங்கும். பின்னால் எரிகிற விளக்குகள் எல்லாம் வட்ட வட்டமாகத் தட்டு மாதிரி மிதக்கும். துவாரத்தை எப் 16-க்குச் சுருக்கினால் அந்த ஆழம் 8 மடங்கு ஆகும். ஆனால் ராத்திரியில் அதற்கு வெளிச்சம் போதாது.

சொரசொரப்பு பிலிமைக் கழுவும்போது வருவது. 400 வேக பிலிமை 1600 என்று நினைத்துக்கொண்டு எடுத்து, கூடுதல் நேரம் கழுவினால் இருட்டு தார் மாதிரி கறுக்கும்; வெளுப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும்; நடுவில் மணல் கொட்டினாற்போல் புள்ளிகள் தெறிக்கும்.

மோரியாமா பல சமயம் காமிராக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதே இல்லை. சின்னக் காமிரா. இடுப்பு உயரத்தில் பிடித்து, நடந்துகொண்டே அழுத்துவார். கூட்டத்தில் எத்தனையோ கைகளில் ஒரு கை. ஆளுங்களுக்குத் தெரியவே தெரியாது.

கொடிக்கம்பு குத்து

அந்தக் காலத்தில் ஜப்பான் தெருவில் காமிரா என்றாலே ஒரு பயம் இருந்தது. ஊர்வலத்தில் போகிறவர்களைப் போலீசாரும் படம் எடுப்பார்கள்.

கியோட்டோ நகரில் 1962-ல் ஒரு மாணவர் ஊர்வலம். அனுமதி நிபந்தனையை மீறிவிட்டார்கள் என்று ஒரு போலீஸ்காரர் படம் எடுத்தார். ஆத்திரம் அடைந்த ஒரு மாணவர், கையிலிருந்த கொடிக்கம்பால் போலீஸ்காரரின் தாடையில் குத்திவிட்டார். கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1969 டிசம்பர் 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய முகத்தைப் படம் எடுக்காமல் இருக்கச் சொல்லும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு. தகுந்த காரணம் இல்லாமல் போலீசாரும் எடுக்கக்கூடாது என்று கோர்ட்டு சொன்னது. ஆனால் குற்றம் நடந்துகொண்டிருக்கும்போது, அவசரமும் அவசியமும் இருந்தால், முறையோடு எடுக்கலாம் என்றும் சொன்னது. மாணவருக்குக் கிடைத்த தண்டனை உறுதியானது.

முகம் என்பது அவரவர் சொத்து. அதைத் தெளிவாக எடுப்பதா, கலங்கலாக எடுப்பதா என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்பது அந்தத் தீர்ப்போடு ஊருக்கே தெரிந்தது.

கொலை வழக்கில் ஒரு போட்டோ

அடுத்து வந்ததுதான் பெரிய அதிர்ச்சி.

1971 நவம்பரில் ஓகினாவா தீவில் பொது வேலைநிறுத்தம். அப்போது தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. ஜப்பானிடம் திரும்ப ஒப்படைக்கும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எதிர்த்துப் போராட்டம். ஊர்வலத்தில் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. ஒரு போலீஸ்காரர் உடலில் தீப்பிடித்து இறந்துபோனார்.

மறுநாள் ஒரு நாளிதழில் படம் வந்தது. கீழே போலீஸ்காரர், சுற்றிலும் நெருப்பு, பக்கத்தில் ஒரு வாலிபர், தூக்கிய கால். எல்லாம் தெளிவான படம்!

அந்தப் படத்தை வைத்து வாலிபர் கைது செய்யப்பட்டார். "மிதித்தான், தாக்கினான்" என்றது அரசு தரப்பு. "இல்லை, எரிகிற நெருப்பைக் காலால் மிதித்து அணைத்தார், காப்பாற்றத்தான் பார்த்தார்" என்றது எதிர்த்தரப்பு.

படத்தைப் பார்த்தால் இரண்டும் சரி என்றுதான் தோன்றும். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தைத்தான் போட்டோ பிடிக்கிறது. கால் எதற்காகத் தூக்கப்பட்டது என்பதை எந்த லென்சும் சொல்லாது. கீழ்க்கோர்ட்டில் வாலிபருக்குத் தண்டனை. அப்பீலில் விடுதலை.

தெளிவான படம் பொய் சொல்லாது என்று நம்பியவர்களுக்கு இது சரியான அடி. நாகஹிரா இந்த வழக்கைப் பற்றி எழுதினார். ஓகினாவாவுக்கே போனார்.

ஏன் கொளுத்தினார்?

"அப்படியானால் தெளிவு பொய், கலங்கல்தான் நிஜம் என்று அவர் கட்சி ஜெயித்துவிட்டதே!" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் திரும்புகிறது.

1970-ல் ஜப்பான் அரசு ரயில்வே ஒரு சுற்றுலா விளம்பரம் ஆரம்பித்தது. "டிஸ்கவர் ஜப்பான்" என்று பெயர். சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்தால், ஊர் சுற்றும் இளம்பெண்கள். படம் ஆடியிருக்கிறது! கலங்கியிருக்கிறது! கலவரத் தெருவில் பிறந்த பாணி, டிக்கெட் விற்கப் போய்விட்டது.

நாகஹிரா இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1973-ல் தன்னுடைய பழைய பாணியையும் தானே கண்டித்தார். கலங்கல் படத்தில் தெருவை விட எடுத்தவனுடைய மனசுதான் பெரிசாகத் தெரிகிறது; இனிமேல் அகராதியில் செடி கொடிப் படம் போடுவதுபோலப் பளிச்சென்று எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்தச் சமயத்தில்தான் பழைய படங்களையும் பிலிம்களையும் நெருப்பில் போட்டார்.

1977-ல் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கி விழுந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் ஞாபகசக்தி பெரும்பாலும் போய்விட்டது. பிறகு பட்டப்பகலில், கலரில், பூனை, மரம், தூங்குகிற மனிதன் என்று தெளிவான படங்களை எடுத்துக்கொண்டே இருந்தார். 2015-ல் காலமானார்.

மோரியாமா வேறு வழியில் போனார். 1972-ல் "போட்டோவே, போய் வா" என்று பெயர் வைத்து ஒரு புத்தகம் போட்டார். கீறல் விழுந்த பிலிம், வீணான பிலிம் எல்லாம் அதில் படமாக இருக்கின்றன. அதன் பிறகு சில ஆண்டுகள் சோர்ந்து கிடந்தார். 1980-களில் எழுந்து மறுபடியும் தெருவுக்கு வந்தார். 2019-ல் அவருக்கு ஸ்வீடன் நாட்டின் ஹாசல்பிளாட் விருது கிடைத்தது.

அழித்த முகம் திரும்பி வந்தது

இன்றைக்கு செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் பின்னணி கலங்கிவிடுகிறது. அது லென்ஸ் செய்த வேலை இல்லை, கணக்குப் போட்டு மென்பொருள் பூசுகிற பூச்சு. எடுத்த பிறகு முகத்தை மறைப்பதும் அப்படித்தான்.

அதை நம்பி மாட்டிக்கொண்ட ஒரு குற்றவாளியும் உண்டு. குழந்தைகளுக்குக் கொடுமை செய்த ஒரு ஆசாமி, தன் முகத்தைக் கம்ப்யூட்டரில் சுழி மாதிரி முறுக்கிவிட்டுப் படங்களை இன்டர்நெட்டில் போட்டான். போலீஸ் நிபுணர்கள் அந்த முறுக்கைத் திருப்பி முறுக்கினார்கள். முகம் வந்துவிட்டது! 2007 அக்டோபர் 8-ந் தேதி இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட்டது. 11 நாளில் தாய்லாந்தில் ஆள் கைது.

முறுக்கியதை அவிழ்க்கலாம். ஆனால் ஷட்டர் திறந்திருக்கும்போதே ஓடிக் கரைந்த முகம் வேறு ரகம். அவிழ்த்துப் பார்க்க அடியில் தெளிவான படம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஆகவே ராத்திரித் தெருவில் காமிரா தூக்குகிறவர் அழுத்துவதற்கு முன்னாலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பிளாட்பாரத்தில் தூங்குகிறவர் முகம் தெளிவாக வேண்டுமா, அவர் தலைமாட்டில் இருக்கிற மூட்டை போதுமா? போலீஸ் வேனில் ஏற்றப்படுகிற பெண்ணின் கண் வேண்டுமா, வேனின் சிவப்பு விளக்கு போதுமா?

லென்சில் 5 சென்டிமீட்டர்தான் தெளிவு. அதை எங்கே வைப்பது என்பது எடுக்கிறவர் பொறுப்பு.