'ஸ்டார்ட்' என்ற சொல்லும் நம் தொடக்கங்களும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் நாள் முழுவதும் சொல்லும் சொல் ஒன்று உண்டு: 'ஸ்டார்ட்'. வீட்டு வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆலைக்குள் போனால் மோட்டாரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்குத் துள்ளுதல், குதித்தல் என்று பொருள். பிறகு திடுக்கிடுதல் என்ற பொருள் வந்தது. புதரில் பதுங்கிய முயலைக் கிளப்பி ஓடவிடுவதையும் வேட்டைக்காரர்கள் இப்படித்தான் சொன்னார்கள். தொடங்குதல் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

தமிழில் 'தொடங்கு' என்பதற்குப் பக்கத்திலேயே தொடு, தொடர் என்ற சொற்கள் நிற்கின்றன. 'அன்று தொட்டு இன்று வரை' என்கிறோம். ஆங்கிலச் சொல் அதிர்ச்சியில் பிறந்தது. நம் சொல் தொட்டதை விடாமல் தொடரச் சொல்கிறது. வாழ்க்கையில் இரண்டும் உண்டு.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இரண்டாம் நாள் புத்தாண்டு. பல ஊர்களில் மின்சாரம் இல்லை. அந்த ஆண்டு திடுக்கிட்டுத்தான் தொடங்கியது. ஆனால் விழுந்த மரத்தை வெட்டி அகற்றி, அதே மண்ணில் கன்று நட்டார்கள். முந்திரி காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பலாவுக்கு இன்னும் கூடும். தொட்டதைத் தொடர்ந்தவர்களுக்கே அந்தத் தொடக்கம் பலித்தது.

ஆலையில் வேலை செய்பவர்களுக்கும் இது தெரியும். நிறுத்தி வைத்த ஆலையை மறுபடி ஓட்டும் நேரம்தான் மிகுந்த கவனம் தேவைப்படும் நேரம். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வெப்பத்தையும் அழுத்தத்தையும் மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். அங்கே துள்ளுகிறவருக்கு இடமில்லை.

வானதூதரின் வாழ்த்தைக் கேட்டு மரியா முதலில் கலங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். கலங்கியவர்தான் 'ஆகட்டும்' என்றார். சிலுவையடி வரை தொடர்ந்தார்.

வேலை நின்றுபோய் வீட்டில் இருப்பவரே, நோய்ச் செய்தி கேட்டு உறைந்திருப்பவரே, திடுக்கிட்டதற்காக வெட்கப்பட வேண்டாம். இன்று கைக்கு எட்டும் ஒரு சிறு வேலையைத் தொடுங்கள். நாளையும் அதைத் தொடுங்கள். இறைவன் உடனிருப்பார்.