சம்பளத்தைக் கேட்காத எண்

பெங்களூரு தொம்மலூரில், சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போகும் வழியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. வண்டிக்காரர் திருவண்ணாமலைப் பக்கம். இங்கே வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பிக்குக் கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தில் மென்பொருள் வேலை. அவருடைய ஒரு மாதச் சம்பளம், வண்டிக்காரர் ஆறு மாதம் கரி அள்ளிப் போட்டுச் சம்பாதிப்பதைவிட அதிகம். சென்ற மாதம் இருவருமே தங்கள் சிபில் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார்கள். தம்பியின் எண் 641. வண்டிக்காரருடையது 782.

"எப்படிண்ணா? நான் மாசம் ஒன்றரை லட்சம் வாங்குறேனே!" என்றார் தம்பி. அவர் குரலில் இருந்தது பொறாமையில்லை, உண்மையான குழப்பம்.

விஷயம் இதுதான். அந்த எண்ணுக்குச் சம்பளம் என்னவென்றே தெரியாது. 2000-இல் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனமான சிபில் ஆகட்டும், பின்னால் வந்த எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகட்டும், 300-க்கும் 900-க்கும் இடையே ஒருவருக்குப் போடும் மதிப்பெண் அவர் கடனை எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதிலிருந்து பிறக்கிறது. அமெரிக்காவில் 1989-இல் வந்த ஃபைகோ மதிப்பெண்ணிலும் வருமானத்துக்கு இடமில்லை. அங்கே 35 சதவீதம் தவணையைத் தவறாமல் கட்டிய வரலாறு, 30 சதவீதம் இப்போதுள்ள கடன் பாக்கி.

தம்பியின் அறிக்கையை விரித்துப் பார்த்தோம். இரண்டு லட்சம் வரம்புள்ள கிரெடிட் கார்டில் மாதாமாதம் 1,80,000 வரை பாக்கி. கட்டியதோ மினிமம் டியூ மட்டும். மீதிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டிய வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசிச் செயலிகளில் மூன்று சிறு கடன்கள். இந்திராநகரிலிருந்து வீடு மாறியபோது ஒரு பில் கண்ணில் படாமல் இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. அந்தத் தாமதம் அறிக்கையின் 36 மாதக் கட்டங்களில் நாள் கணக்கோடு பதிவாகியிருந்தது. பயந்துபோனவர் ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் கடன் கேட்டிருக்கிறார். அந்த ஐந்து விசாரணைகளும் அறிக்கையில் வரிசையாக நின்றன. பணமுடையில் தவிக்கிறவர் என்றுதான் கணினி அதைப் படிக்கும்.

இதன் விலை சிறியதல்ல. பொதுத்துறை வங்கிகள் பல, வீட்டுக் கடன் வட்டியையே இந்த எண்ணைப் பார்த்து நிர்ணயிக்கின்றன. 50 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.5 சதவீதத்தில் வாங்குபவரைவிட, 9 சதவீதத்தில் வாங்குபவர் மாதம் சுமார் 1,600 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார். முடிவில் 3.8 லட்சம் வித்தியாசம். வேலைக்கும் இது வினையாகிறது. கடன் பதிவு மோசமாக இருந்த ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

அப்படியானால் வருமானத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அடுத்த கட்டத்தில். எண்ணைப் பார்த்த பிறகுதான் வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கும், எல்லா இ.எம்.ஐ.யும் சேர்ந்து வருமானத்தில் எவ்வளவை விழுங்குகின்றன என்று கணக்குப் போடும். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குத் தரும் நுண்கடனில், தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. அதற்கு மேலே சம்பாதிப்பவருக்கு அப்படிப் பொதுவான கட்டுப்பாடு கிடையாது. கடன் கொடுப்பவர் வைத்ததே வரம்பு. ஐ.டி. துறையில் ஆட்குறைப்பு வரும் நாளில் முதலில் முறிவது, சம்பளத்தில் முக்கால்வாசியை இ.எம்.ஐ.க்கு எழுதிக் கொடுத்த வீடுகள்தான். இந்தத் தெருவில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி வண்டிக்காரர். அவருடைய 782 எளிதில் வந்ததில்லை. 2019-இல் ஒரு பழைய ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டுப் போனபோது, 'ஹிஸ்டரி இல்லை' என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். 15 ஆண்டுகளாக ஏலச்சீட்டு கட்டியவர் அவர். ஒரு தவணை தவறியதில்லை. மனைவிக்குப் பிரசவம் ஆன மாதத்தில்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தவர். அந்த நாணயம் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. சீட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் கைமாற்றுக்கும் அந்தப் புத்தகத்தில் பக்கமே இல்லை. ஏழை மனிதர்களின் நேர்மையில் பெரும்பகுதி இப்படித்தான் கணக்குக்கு வராமல் போகிறது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. இதே தெருக்கோடிக் கோயிலில், கதவு நிலைக்கால்கள் இரண்டைக் கொடுத்த ஒருவரின் கொடையைப் பதிமூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இவர் 15 ஆண்டு கட்டியதைச் சொல்ல ஒரு வரி இல்லை.

முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக் கூடாது என்பதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சகம் தெளிவாக்கியது. நல்லது. 2019-இல் வண்டிக்காரருக்கு அது உதவவில்லை. மனைவியின் வளையலை வைத்து ஒரு வங்கியில் நகைக்கடன் வாங்கினார். அதை முடித்ததும் ஸ்கூட்டர் கடன் கிடைத்தது. 5-ஆம் தேதி தவணை என்றால் 3-ஆம் தேதியே பணம் கணக்கில் இருக்கும். "மழைக்காலத்துல துணி வராது சார். அதான் நல்ல மாசத்துலயே ரெண்டு தவணைக்கு எடுத்து வெச்சுடுவேன்." வருமானம் ஏறி இறங்கினாலும் தவணை தவறாமல் இருந்ததற்கு வேறு இரகசியமில்லை.

அவர் ஜாமீன் கையெழுத்தும் போட்டதில்லை. மச்சான் கேட்டபோதுகூட மறுத்துவிட்டாராம். ஜாமீன் போட்ட கடனும் நம் அறிக்கையில் வரும், கடன் வாங்கியவர் தவறினால் நாம் கட்ட வேண்டும் என்பது படித்தவர்கள் பலருக்கே தெரியவில்லை. பாதித் தொகையில் 'செட்டில்' செய்துகொண்டால் அந்தச் சொல்லே ஆண்டுக் கணக்கில் அறிக்கையில் தங்கும் என்பதும் அப்படித்தான். தம்பியை ஒரு வசூல் ஏஜெண்ட் அந்த வழிக்குத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். வேண்டாம், மெதுவாகவேனும் முழுதாகக் கட்டிவிடு என்றேன். முதலில் கார்டு, பிறகு செயலிக் கடன்கள் என்று வரிசை போட்டுக் கொடுத்தேன்.

782 வைத்திருப்பவர் என்னிடம் வரக் காரணம் மகளின் படிப்பு. கல்விக் கடனுக்குப் போன இடத்தில், ஏற்கெனவே மூன்று லட்சம் தனிநபர் கடன் ஓடுகிறதே, இந்த வருமானத்தில் இன்னொன்று எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். எண் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்காத கடனின் தவணை அவர் வருமானத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. "இது என் கடனே இல்ல சார்" என்று அறிக்கையை நீட்டினார். அதே பெயர், அதே பிறந்த ஆண்டு, யாரோ ஒருவர்.

ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. அவர் அதுவரை ஒருமுறைகூட எடுத்துப் பார்த்ததில்லை. என் கணினியிலேயே புகார் பதிந்தோம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது என்று சொன்னேன். "காசு வேணாம் சார், அந்த வரி போனா போதும். காலேஜ் ஃபீஸுக்குக் கடைசித் தேதி இருக்கு" என்றார்.

19-ஆம் நாள் அந்த வரி போனது. புது அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தேன். வண்டிக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டுக்கும் பழைய சீட்டு நோட்டுக்கும் நடுவே வைத்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டார்.