உங்களுக்குத் தெரியுமா? ஈப்போவும் டிரான்சிஸ்டரும்

◆ பேராக் தோட்டங்கள் பலவற்றில் ஜெனரேட்டர் ஓடியது மாலையில் சில மணி நேரம்தான். வால்வு ரேடியோவுக்கு அந்த மின்சாரம் வேண்டும், இல்லாவிட்டால் கனத்த பேட்டரி வேண்டும். திருகியதும் பேசாது, சூடேறிய பிறகே வாய் திறக்கும். டார்ச்லைட் பேட்டரியிலேயே பாடும் டிரான்சிஸ்டர் ரேடியோ அறுபதுகளில் பரவியதும், வானொலி கிராணி வீட்டு மேசையை விட்டு லயத்து வாசலுக்கு வந்தது. இன்று நாம் மின்னல் எஃப்எம் என்று கேட்பதன் முன்னோடியான வானொலித் தமிழ்ப் பகுதிக்குத் தோட்டந்தோறும் நேயர்கள் சேர்ந்ததில் அந்தப் பேட்டரிகளுக்கும் பங்குண்டு.

◆ 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் இருவரும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். வில்லியம் ஷாக்லியையும் சேர்த்து மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு. அது செய்யும் வேலை என்ன? இரண்டு விரலால் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறதல்லவா, அப்படிச் சின்ன மின்னோட்டம் ஒன்று பெரிய மின்னோட்டத்தைத் திறக்கும், மூடும். கைப்பேசி, கணினி, ஏடிஎம் எல்லாம் இந்தத் திறப்பு மூடல்தான்.

◆ 1954இல் விற்பனைக்கு வந்த ரீஜென்சி ரேடியோவில் 4 டிரான்சிஸ்டர்கள். 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லில் 2,300. 2020இல் ஆப்பிளின் எம்1 சில்லில் 1,600 கோடி.

◆ சில்லு என்றால் பினாங்குதான் நம் நினைவுக்கு வரும். இன்டெல் 1972இல் பாயான் லெப்பாஸில் கால்வைத்ததைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அதே 1972இல் ஈப்போவில் கார்செம் தொடங்கியதை ஈப்போக்காரர்களே அவ்வளவாகச் சொல்வதில்லை. சிம்பாங் பூலாயில் இருக்கும் யூனிசெம் அதற்குப் பின்னால் வந்தது. இரண்டும் செய்வது உறையிடும் வேலை, சோதிக்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து வட்டத் தகடாக வரும் சிலிக்கனை வைர விளிம்புள்ள வாளால் துண்டு துண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமனே உள்ள தங்கக் கம்பியாலோ செம்புக் கம்பியாலோ அதன் முனைகளை இணைக்க வேண்டும். அதன்மேல் கறுப்புப் பிசின் வார்த்து மூடினால்தான் நாம் சர்க்யூட் பலகையில் பார்க்கும் அந்தச் சின்னக் கறுப்புக் கட்டை கிடைக்கும். இப்போது பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. தொடக்கத்தில் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி பெண்கள் செய்தார்கள். ரப்பர் விலை சரிந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறகு செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறியபோது, பால்வெட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் பலர் ஷிஃப்ட் வேலைக்குப் போனது தீபகற்பம் முழுக்க நடந்த கதை. அம்மா விடியுமுன் பால்மரத்துக்குப் போனாள், மகள் விடியும்போது இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்பினாள். நம் நாவல்களில் தோட்டத்துக்குக் கிடைத்த இடம் இந்தத் தொழிற்சாலைக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் குறை.

◆ சில்லைப் பலகையில் பற்றவைக்க ஈயம் வேண்டும், அதாவது கிந்தா லம்பங்களில் எடுத்த அதே வெள்ளீயம். பழைய பற்றாசில் அது சுமார் 63 விழுக்காடு, மீதி காரீயம். காரீயம் நஞ்சென்று 2006இல் ஐரோப்பா தடைபோட்டது. இன்று பரவலாகப் பயன்படும் பற்றாசில் வெள்ளீயம் 96.5 விழுக்காடு, மீதி வெள்ளியும் செம்பும். என்ன பயன்? 1985 அக்டோபரில் விலை விழுந்து, கிந்தாவின் லம்பங்கள் பெரும்பாலும் மூடிவிட்டிருந்தன. 1938இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் மண்வாரிக் கப்பலை இப்போது டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

◆ உலகச் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு. அது எவ்வளவு பெரிது என்பது 2021இல் தெரிந்தது. கோவிட் பரவலால் இங்கே தொழிற்சாலைகள் முடங்க, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஃபோர்டு தன் லாரி ஆலையைச் சில நாள் நிறுத்தியது. மலேசியாவிலிருந்து சில்லு வராததையே காரணமாகச் சொன்னது. செப்டம்பரில் யூனிசெம்மின் ஈப்போ ஆலைகளும் ஒரு வாரம் மூடின. அந்த நாள்களில் உலகச் செய்திகளில் ஈப்போவின் பெயர் வந்தது வெள்ளைக் காப்பிக்காக அல்ல.

◆ ஈப்போ செலாத்தான் டோலில் தட்டும் டச் அண்ட் கோ அட்டைக்குள் பேட்டரி கிடையாது. படிப்பானின் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் கணக்கைப் பார்த்துக் காசைக் கழிக்கின்றன. 2001இல் வந்த மைகார்டிலும் சில்லு உண்டு.

◆ டிரான்சிஸ்டர் இல்லாத மின்சாதனமும் வீட்டில் இருக்கலாம்: பித்தானை அழுத்தும் பழைய சோற்றுக் குக்கர். பானைக்கு அடியில் காந்தம் ஒன்று பிடித்திருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் காந்தம் வலுவிழந்து, ஸ்விட்ச் ‘டக்’கென்று எழும்பிவிடும். எண் ஒளிரும் புது மாடல் வாங்கியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.