கேத்தி ஸ்டேஷனும் கனடாக்காரரும்

டீயைக் குடியுங்கள், சொல்கிறேன். பெர்ன்ஹில்லில் இருந்து ரயில் பாதையோடு இறங்கினால் லவ்டேல், அடுத்தது கேத்தி. நீங்கள் கேட்ட 'மூன்றாம் பிறை' கிளைமாக்ஸ் அந்த ஸ்டேஷனில்தான் எடுத்தார்கள். விபத்தில் அடிபட்ட ஸ்ரீதேவி சின்னப் பிள்ளையாகிவிடுவார். குணமானதும் கமலை யாரென்றே தெரியாது. நிஜத்தில் தலையில் அடிபட்டவர்கள் அப்படிக் குழந்தையாகிவிடுவதில்லை. பெரும்பாலும் விபத்தை ஒட்டிய நேரம்தான் நினைவில் இருந்து போகும்.

நிஜத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். படம் வந்தது 1982-ல். அதற்கு முந்தைய வருஷம் கனடாவில் கென்ட் காக்ரேன் என்பவர் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து, மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இரு பக்கமும் சேதமானது. பேச்சு போகவில்லை. செஸ் ஆடத் தெரிந்தது. ஆனால் முன்பு யாரோடும் ஆடியதாக நினைவில்லை. கூடப் பிறந்தவர் இறந்தது தெரியும். அந்தச் சேதி காதில் விழுந்த நேரம் நினைவில்லை. 2014-ல் இறக்கும்வரை இப்படியே வாழ்ந்தார். நமக்கு நேர்ந்தவற்றின் நினைவும் பொது அறிவும் வேறு வேறு என்று 1972-லேயே எழுதிய உளவியலாளர் எண்டெல் டல்விங் அவரைப் பல வருஷம் ஆராய்ந்தார்.

இந்த இரண்டும் நம்மிடமும் உண்டு. மலை ரயில் ஊட்டிக்கு வந்தது 1908-ல். இது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். யார் சொல்லி, எப்போது தெரிந்தது என்றால் சொல்ல வராது. பல தடவை காதில் விழுந்ததில் இடமும் நாளும் உதிர்ந்து, தகவல் மட்டும் மூளையின் மேற்பரப்பில் தங்கிவிட்டது. முதல் ரயில் பயணம் அப்படியில்லை. குகை இருட்டு ஓரிடத்தில், எஞ்சின் கூவல் ஓரிடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் வேறிடத்தில் கிடக்கும். புகை வாசனை ஒன்று போதும், ஹிப்போகேம்பஸ் அத்தனையையும் சேர்த்துக் கட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவதால்தான் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக மாறவும் செய்கிறது.

இதற்காக இந்த இரண்டு வகை நினைவுக்கும் நடுவே சுவர் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஸ்கேனில் பார்த்தால் இரண்டு வேலையிலும் பெரும்பாலும் ஒரே பகுதிகள்தான் இயங்குகின்றன.

இதை நான் இவ்வளவு சொல்வது வீட்டுப் பெரியவர்களுக்காக. அல்சைமர் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் பக்கம்தான் தொடங்கும். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த பாட்டி எந்த இலையைக் கிள்ளலாம் என்று சரியாகச் சொல்வார். காலையில் மகள் வந்துபோனதை மறந்திருப்பார். நடிக்கிறார் என்று தயவுசெய்து திட்டாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது.