உங்களுக்குத் தெரியுமா? சத்திரங்களுக்குப் படியளந்த காடு

தஞ்சைத் தரணியில் காடா என்று சிரிக்காதீர்கள். அன்று தஞ்சை மாவட்டத்திலும் இன்று திருவாரூர் மாவட்டத்திலும் இருக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு 1853 முதல் 1912 வரை சத்திரம் இலாகாவின் பொறுப்பில் இருந்தது. அதன் பிறகும் சொந்தம் விட்டுப்போகவில்லை. 1923 முதல் 1936 வரை காட்டு மரம் விற்ற பணத்தில் பாதி வருவாய்த்துறைக்கு. மறுபாதி சத்திரங்களின் பராமரிப்புக்கு! 1937 பிப்ரவரியில் இது ‘வருவாய்க் காடு’ என்றே அறிவிக்கப்பட்டது. பெயரிலேயே கணக்குப் புத்தகம் தெரிகிறது.

அந்த வருமானத்துக்குக் காடு கொடுத்த விலை அதிகம். பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதில் வெயில்பட்ட சேறு காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பேறி, புதுக்கன்று எதுவும் பிழைக்கவில்லை. பின்னாளில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்தன. அலையாத்தி மீண்டும் தழைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அதையும் பதம்பார்த்தது.

காடு என்றால் பட்ஜெட்டில் மலைக்காடுகளே நினைவுக்கு வரும். வாய்க்காலில் வண்டல் படிந்தாலே நலியும் இந்தச் சேற்றுக்காட்டுக்குத் தூர்வாரும் பணம் ஆண்டு தவறாமல் வந்தாக வேண்டும்.