இருவருக்கு ஒரு தட்டு

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகரை ஒட்டியிருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு தீம் பார்க்குகள் உண்டு. அவற்றுள் ஒன்றான எப்காட்டில் ஆண்டுதோறும் நடப்பது சர்வதேச உணவு, ஒயின் திருவிழா. 1996இல் ஒரு மாத நிகழ்ச்சியாகத் தொடங்கியது; இப்போதெல்லாம் ஆகஸ்ட் கடைசியில் கொடியேறினால் நவம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் இறங்குகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட சிறு கடைகள், ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் பெயரிலோ ஒரு சமையல் வகையின் பெயரிலோ. நான்கைந்து வாயில் தீர்ந்துவிடும் அளவுக்கு ஒரு பதார்த்தம், பக்கத்தில் அதற்குத் தோதாக ஒயினோ பியரோ. டிஸ்னி என்றாலே மிக்கி மவுஸும் குழந்தைகளின் கூச்சலும்தான் என்று நினைத்திருப்பவர்களின் கண்ணில் இங்கே முதலில் படுவது, கைகோத்து நடக்கும் தம்பதிகள்.

எப்காட் பிறந்த கதையே கொஞ்சம் வேடிக்கையானது. வால்ட் டிஸ்னி அந்தப் பெயரில் கட்ட நினைத்தது பூங்காவை அல்ல, மனிதர்கள் குடியிருக்கும் ஒரு வருங்கால நகரத்தை. 1966 டிசம்பரில் அவர் இறந்ததும் நகரத் திட்டம் மூலைக்குப் போனது. நிறுவனம் அதே பெயரில் 1982 அக்டோபர் 1 அன்று ஒரு பூங்காவைத் திறந்தது. முன்பாதியில் அறிவியலும் தொழில்நுட்பமும். பின்பாதியில் ஒரு செயற்கை ஏரி, அதைச் சுற்றி நாடுகளின் வளாகங்கள். மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என இன்று பதினொன்று. மொராக்கோ 1984இலும் நார்வே 1988இலும் வந்து சேர்ந்தவை. மொராக்கோ வளாகத்தின் ஓட்டு வேலைப்பாட்டுக்கு அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஹசன் கைவினைஞர்களை அனுப்பிவைத்தார். வளாகங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலரும் அந்தந்த நாட்டிலிருந்தே வருகிறவர்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்வில்லையில் சொந்த ஊரும் இருக்கும்.

நாட்டுக்கு நாடு சமையலும் மதுவும் தயாராகக் கிடந்த இடம் என்பதால், ஒயின் திருவிழாவுக்கு இதைவிடப் பொருத்தமான மண் டிஸ்னியிடம் வேறு இல்லை. மதுவைப் பொறுத்தவரை டிஸ்னி பூங்காக்கள் நெடுங்காலம் ஆசாரம் பார்த்தவை. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டில், உறுப்பினர்களுக்கு மட்டுமான ஒரு மன்றத்தைத் தவிர, 2019வரை பொதுமக்களுக்கு ஒரு சொட்டும் விற்கப்படவில்லை. ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டமில் 2012இல்தான் ஓர் உணவகத்துக்கு விலக்கு கிடைத்தது. பாரிஸ் டிஸ்னிலாண்டை 1992இல் மது இல்லாமலே திறந்து பார்த்தார்கள். சாப்பாட்டோடு ஒயின் இல்லையென்றால் பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த ஆண்டே விதி தளர்ந்தது. எப்காட் மட்டும் திறந்த நாளிலிருந்தே மது விற்றது. மெக்சிகோவில் ஒரு மார்கரீட்டா, ஜெர்மனியில் ஒரு பியர், ஜப்பானில் ஒரு சாக்கே என்று ஏரியை ஒரு சுற்று குடித்தே முடிப்பது அங்கே வெகுநாள் வழக்கம். அந்த வழக்கத்துக்குத் தட்டும் கரண்டியும் கொடுத்து மரியாதை சேர்த்தது திருவிழா என்று சொல்லலாம்.

காலத் தேர்வில் ஒரு வியாபாரக் கணக்கு தெரிகிறது. ஃப்ளோரிடாவில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளிகள் திறந்துவிடும். குடும்பக் கூட்டம் வற்றும் அந்தப் பருவத்தில் பூங்காவுக்கு வரக்கூடியவர்கள் யார்? பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்கள்: புதுமணத் தம்பதிகள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி அனுப்பிவிட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள். இவர்களை ராட்டினத்தால் இழுக்க முடியாது, நாக்கால் இழுக்கலாம். சிறு தட்டு என்ற ஏற்பாடும் இரண்டு பேருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தனியாக வருகிறவர் நான்கு தட்டில் வயிறு நிறைந்து உட்கார்ந்துவிடுவார். ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்துகொள்ளும் தம்பதி எட்டு நாடுகளைத் தாராளமாகச் சுற்றிவரும்.

கடையின் நடைமுறை எளிது. ஒரு ஜன்னலில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். கொடுக்கும் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தால், ஓரிரு நிமிடத்தில் தட்டு வரும். கோயில் வாசலில் பொங்கல் வாங்கிய தொன்னையைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு காகிதப் படகு, அதில் ஒரு முள்கரண்டி. உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். உயரமான நின்றுண்ணும் மேசைகள் ஆங்காங்கே உண்டு. அவையும் நிரம்பிவிட்டால் மக்கள் கூச்சமில்லாமல் குப்பைத் தொட்டியின் தட்டையான மூடியையே மேசையாக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் இரண்டு கோப்பைகளையும் பிடித்தபடி அந்த மூடியைக் காவல் காக்க, மற்றவர் அடுத்த கடை வரிசையில் நிற்பது இந்தத் திருவிழாவில் தேறிய தம்பதிகளின் அடையாளம்.

சாப்பாட்டில் ஆண்டுதோறும் புதியவை வரும், போகும். சில மட்டும் நிரந்தரக் குடிகள். கனடா கடையின் செடார் சீஸ் சூப் அப்படி ஒன்று. அங்குள்ள ல செலியே உணவகத்தில் பெயர் எடுத்து, திருவிழாவுக்கு இறங்கி வந்தது. பிரெட்ஸல் ரொட்டி ஒன்றைத் தொட்டுச் சாப்பிடக் கொடுப்பார்கள். பிரான்ஸ் கடையில் பூண்டும் வெண்ணெயும் சேர்த்த நத்தையை கிராய்சானுக்குள் பொதிந்து தந்திருக்கிறார்கள். முழு நத்தைத் தட்டுக்குத் துணிய மாட்டாதவர்கள் ஒரு வாய் பார்த்துவிட்டு நகர அதுவே வசதி. பிடிக்காவிட்டால் போகிற பணம் சில டாலர்கள்தான். முன்பின் தெரியாத உணவை எடுத்துப் பார்க்கும் தைரியத்தை இந்தச் சிறிய அளவு தருகிறது.

பிரேசில் கடையின் பாவோ தே கெய்ஜோ என்ற சீஸ் உருண்டை தமிழ் நாக்குக்கு அவ்வளவு தூரமானதல்ல. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இழுவை. இழுவைக்குக் காரணம் கோதுமையே சேராத மரவள்ளி மாவு. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசியாக உருளுகிற அதே கிழங்கு. அதன் பூர்விகம் தென் அமெரிக்கா. ஆஸ்திரேலியா கடையின் லாமிங்டன், சாக்லேட்டில் முக்கித் தேங்காய்ப்பூவில் புரட்டிய சதுர கேக். குயின்ஸ்லாந்து ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியது என்பார்கள். அவரே பிறகு 1903 முதல் 1907வரை பம்பாய் ஆளுநர். மும்பையின் லாமிங்டன் சாலைக்கும் அவர் பெயர்தான்.

எப்காட் ஏரிக்கரையில் இந்தியாவுக்கு நிரந்தர வளாகம் கிடையாது. திருவிழாவில் மட்டும் பல ஆண்டுகள் இந்தியக் கடை எழும்பியிருக்கிறது. 2010களின் பிற்பகுதியில் அங்கே கோழிக் குருமாவும் நானும் ஒரு பக்கம், காலிஃபிளவரும் கேரட்டும் கொண்டைக்கடலையும் போட்ட ‘மெட்ராஸ் ரெட் கறி’ இன்னொரு பக்கம், பாஸ்மதிச் சோற்றோடு. மெட்ராஸ் கறி என்ற பெயரில் சென்னை வீடு எதிலும் குழம்பு கொதிப்பதில்லை. கறித்தூளை டப்பாவில் அடைத்து மேலை நாடுகளுக்கு அனுப்பிய வணிகமும், இங்கிலாந்தின் கறிக் கடைகளும் பரப்பிய பெயர் அது. சிவப்பாக, காரமாக இருந்தால் அங்கே மெட்ராஸ். ஊர் பெயர் மாறிப் பல்லாண்டு ஆன பிறகும் குழம்பு பழைய பெயரிலேயே உலகம் சுற்றுகிறது.

சைவ உணவுக்காரர்கள் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கனடா சூப்பின் பெயரில் சீஸ் முன்னால் நிற்கும். உள்ளே பன்றி இறைச்சியான பேக்கன் கிடக்கும். தாவரப் பொருள்களால் மட்டுமே ஆன பண்டங்களுக்குப் பட்டியலில் இலைச் சின்னம் போடுகிறார்கள். பாலும் சீஸும் சாப்பிடும் சைவருக்கு அந்தச் சின்னம் தேவைக்கு மேல் கண்டிப்பானது. அதனால் ஒவ்வொரு கடையிலும் வாய்விட்டுக் கேட்டுவிடுவதே நல்லது. அங்கே அதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

ஒயின் ஊற்றும் அளவும் உணவகக் கோப்பையைவிடக் குறைவு. எந்தத் தட்டுக்கு எது என்று தேர்வதில் சில பழைய விதிகள் உண்டு. கொழுப்பு மிகுந்த வறுவலுக்கு நுரைக்கும் ஒயின் ஏற்றது. அதன் புளிப்பும் குமிழும் நாக்கை அலம்பிவிடும். காரத்துக்கு ஜெர்மனியின் ரீஸ்லிங் போல இலேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின். மாட்டிறைச்சிக்குத் துவர்ப்பான சிவப்பு, ஏனென்றால் இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பை மழுக்கும். இந்தியக் கடையில் நாசிக்கின் சூலா நிறுவனத்து ஷெனின் பிளாங்க் ஒயின் இடம்பெற்றதும் இந்தக் கணக்கில்தான். ஃப்ளோரிடாவில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நரை தெரிந்தாலும் அடையாள அட்டை கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் பாஸ்போர்ட் கையிலிருந்தால் பேச்சு வளராது.

வேறொரு பாஸ்போர்ட்டையும் வாசலிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். கடைகளும் பண்டங்களும் அச்சிட்ட சிறு புத்தகம் அது. சாப்பிட்டதைக் குறித்துக்கொண்டே வரலாம். ‘ராட்டட்டூயி’ படத்தின் எலி நாயகன் ரெமியின் சகோதரன் எமில் பெயரில் ஒரு சீஸ் போட்டியும் உண்டு. குறிப்பிட்ட கடைகளில் ஐந்து சீஸ் பண்டங்கள் வாங்கி முத்திரை பெற்றால் கடைசியில் ஒரு சிறு பண்டம் இனாம். ஐந்தை விற்று ஒன்றை இலவசமாகக் கொடுக்கும் இந்த வித்தை தெரிந்தும் வளர்ந்த மனிதர்கள் முத்திரைக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

ஏரியைச் சுற்றிய பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். முதன்மை வாயிலிலிருந்து வந்து இடப்பக்கம் திரும்பினால் மெக்சிகோ. அங்கிருந்து தொடங்கினால் ஏரி வலக்கைப் பக்கமாகவே வரும், நம் ஊர்ப் பிரதட்சிணம் போல. வலப்பக்கம் திரும்பிக் கனடாவில் ஆரம்பிக்கும் கட்சியும் உண்டு. பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இன்னொரு சிறு வாயில் இருக்கிறது; பக்கத்து ஹோட்டல்களில் தங்குகிறவர்கள் அதில் புகுந்து நேராகச் சாப்பாட்டில் இறங்கிவிடுவார்கள். நாடுகள் பக்கம் வழக்கமாகக் காலை 11 மணிக்குத் திறக்கும். அப்போதே போய்விட்டால் வரிசை குறைவு. சனி, ஞாயிறு உள்ளூர்க்காரர்கள் திரண்டு வருவதால் வெளியூர்த் தம்பதிக்குச் செவ்வாய், புதன் உத்தமம். செப்டம்பர் வெயில் நம் ஊர் வெயிலுக்கு இளைத்ததல்ல, மதியத்துக்கு மேல் இடிமழையும் கொட்டும். புயல் பருவமும் அதுவே: 2022 செப்டம்பரில் இயான், 2024 அக்டோபரில் மில்டன் என்று திருவிழாவுக்கு நடுவிலேயே பூங்காவை மூட நேர்ந்தது.

செலவில் பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. திருவிழாவுக்குத் தனி நுழைவுச்சீட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் பூங்காவுக்குள் நுழையவே நபருக்கு நூறு டாலருக்கு மேல், நாளைப் பொறுத்து ஏறும், இறங்கும். உள்ளே தட்டு சராசரியாக எட்டு டாலர், கோப்பை பத்து டாலர் என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் தட்டும் நான்கு கோப்பையும் 104 டாலர், 6.5 சதவீத விற்பனை வரியோடு 110ஐத் தாண்டும். ஒவ்வொரு தட்டும் சில்லறையாகவே தெரிவதால் கூட்டுத்தொகை கடைசியில்தான் உறைக்கும். இதற்கு அங்கே ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சிறு பரிசு அட்டையில், மனத்தில் நினைத்த தொகையை மட்டும் ஏற்றிக்கொண்டு, அது தீர்ந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடுவது.

மாலையில் அமெரிக்க வளாகத்துக்கு எதிரே, ஏரியைப் பார்த்த திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சிகள் நடக்கும். ஒரு காலத்தில் வானொலியைக் கலக்கிய குழுக்கள் பல வந்து பாடுவதால், ஐம்பதைக் கடந்த தம்பதிகள் தங்கள் இளமையின் பாட்டுக்கு எழுந்து ஆடுவதைப் பார்க்கலாம். கட்டணம் நுழைவுச்சீட்டிலேயே அடக்கம். இரவு 9 மணிவாக்கில் ஏரிக்கு மேல் வாணவேடிக்கை. கடைகளும் அந்த நேரத்தில் மூடுவதால், கடைசித் தட்டை வாங்கிக்கொண்டு கரையோரம் இடம் பிடிப்பவர்கள் எட்டரைக்கே நகரத் தொடங்கிவிடுவார்கள். குடித்தவர்கள் கார் ஓட்டத் தேவையில்லை. பேருந்தும் படகும், 2019இல் வந்த ஸ்கைலைனர் என்ற கம்பிவழி ஊர்தியும் டிஸ்னி ஹோட்டல்களுக்குக் கொண்டுவிடும்.

கோவிட் காலத்தில் நான்கு மாதம் மூடிக் கிடந்த எப்காட், 2020 ஜூலை 15 அன்று மீண்டும் கதவைத் திறந்தபோது, இதே திருவிழாவின் சுருங்கிய வடிவத்தோடுதான் திறந்தது. வெற்றி கண்ட சரக்கு என்பதால் ஆண்டின் மற்ற மாதங்களுக்கும் அதே அச்சை வைத்திருக்கிறார்கள். நவம்பரில் ஒயின் திருவிழா முடிந்த சில நாட்களில் கிறிஸ்துமஸ் பருவத் திருவிழா, ஜனவரியில் கலைத் திருவிழா, இளவேனிலில் 1994 முதல் நடந்துவரும் மலர், தோட்டத் திருவிழா. ஏரியைச் சுற்றிய கடைக்கூண்டுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும்; பெயர்ப்பலகையும் உணவுப் பட்டியலும் மாறும்.