பர்னாந்துக்கு எந்த ஊர்?

போன வாரம் எங்க போளூர் டீக்கடையில் ஒரு தூத்துக்குடிக்காரர். பூண்டு வாங்க மலையேறி வந்தவர். பெயர் பர்னாந்து என்றார். "தாத்தா வெள்ளைக்காரரோ?" என்று ஒருத்தர் கேட்டுவைக்க, மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. "பேர்தாங்க கப்பல்ல வந்துச்சு. நாங்க இந்தக் கரைதான்!"

வாஸ்தவம். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் எதிரிகளின் தொல்லை தாங்காமல் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானமும் பெற்றார்கள். கூடவே வந்து ஒட்டிக்கொண்டவைதான் இந்தப் பெயர்கள். பர்னாந்து, அதாவது ஃபெர்னாண்டோ, பழைய ஜெர்மானிய வேர்ச்சொற்களில் பிறந்தது. 'துணிச்சலான பயணி' என்று அர்த்தம் சொல்வார்கள். கடலோடிகளுக்குப் பொருத்தம்தானே! போர்ச்சுகலில் இது ஆளின் பெயர். ஃபெர்னாண்டோவின் மகன் என்று பொருள்படும் 'ஃபெர்னாண்டஸ்'தான் அங்கே குடும்பப் பெயர். இலங்கையிலோ, சிங்களவர், தமிழர் இரண்டு பக்கமும் ஃபெர்னாண்டோக்கள் ஏராளம்.

தண்ணீருக்குத் தவித்த தூத்துக்குடிக்கு 1927-ல் வல்லநாட்டிலிருந்து குடிநீர் வரவழைத்த நகராட்சித் தலைவர் யார் தெரியுமோ? குரூஸ் பர்னாந்து! அவரைப் போய் அந்நியர் என்பீர்களா?

சாவி, ஜன்னல், அலமாரி... எல்லாமே போர்ச்சுகீசிய வார்த்தைகள்தான் சார். அதுக்காக நம்ம வீடு லிஸ்பன்காரனுக்குச் சொந்தமாகிவிடுமா, என்ன?